சர்வர் சீட்டில் ஒரு இடது கை

சில கட்டடங்களுக்குள் நுழைந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் வரும். யாரோ எங்கோ உள்ளறையில் ஒரு பட்டனை அமுக்கியிருப்பார்கள். சர்வரின் விசிறிகள் எல்லாம் ஒரே மூச்சில் கத்திக்கொண்டு எழும், உளுந்து போடாமல் மிக்சியை ஓடவிட்ட மாதிரி. பிறகு யாரோ சமாதானம் சொன்னதுபோல மெல்ல இறங்கி, ஒரு நீளமான பெருமூச்சாகத் தங்கிவிடும். போன வாரம் மனைவியின் ரிப்போர்ட்டுக்காக ஒரு ஸ்கேன் சென்டரில் காத்திருந்தபோது கேட்டேன். சத்தம் ஏறி இறங்குவதற்குள் வேங்கிக்கால் ஆடிட்டர் ஆபீஸ் வந்துவிட்டது. அந்த உள்ளறை வந்துவிட்டது. அதில் அக்காவும்.

நான் கம்ப்யூட்டர் பார்க்கிறவன். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பின்பக்கத் தெருவில் வீடு. தியானத்துக்கு வந்தவர்களின் லேப்டாப்பில் கொட்டிய காபியைத் துடைத்துக் கொடுப்பேன். கடைகளில் பிரிண்டர் விழுங்கிய காகிதத்தை இழுத்துப் போடுவேன். வேங்கிக்கால் பக்கம் சில ஆபீஸ்களுக்கு மாதாமாதம் போய் எட்டிப் பார்ப்பேன். மிச்ச நேரத்தில் எழுதுகிறேன். மிச்ச நேரம் என்று ஒன்று மிச்சமாகிறதா என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

அந்த ஆடிட்டர் ஆபீஸின் அமைப்பை முதலில் சொல்லிவிட வேண்டும். வெளியே ஒரு ஹால். அதில் வரிசையாகச் சாதாரண கம்ப்யூட்டர்கள். அவை வெறும் ஜன்னல்கள்தான். உண்மையான கணக்கெல்லாம் உள்ளறையில் இருக்கும் ஒரே ஒரு சர்வரில் நடந்தது. எல்லோரும் தங்கள் ஜன்னல் வழியாக அந்த ஒரே வீட்டுக்குள் இறங்கி வேலை செய்தார்கள். சர்வர் என்றால் பூட்டிய அறையில் தனியாக விட்டுவிட வேண்டும், அதன் முன்னால் ஆள் உட்காரக் கூடாது என்று படித்தவர்கள் சொல்வார்கள். ஆடிட்டருக்கு அது பொறுக்கவில்லை. “இவ்ளோ பெரிய மெஷின், சும்மா இருக்கறதா?” என்று அதற்கே ஒரு மானிட்டர், ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ் மாட்டி, முன்னால் ஒரு நாற்காலியும் போட்டுவிட்டார். அதற்குப் பெயர் சர்வர் சீட்டு.

அந்த ஆபீஸில் சர்வர் சீட்டு என்பது நாற்காலி மட்டும் இல்லை. அங்கே உட்காருகிறவரிடம்தான் ஆபீஸ் சாவி. காலையில் ஷட்டரைத் தூக்குவதும், சாயங்காலம் அன்றைய கணக்கை இன்னொரு டிஸ்க்கில் எடுத்து வைப்பதும் அவர் வேலை. வெள்ளிக்கிழமை மெஷினுக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டுவதும் அவர்தான். ஆபீஸின் ஒரே ஏசி அந்த அறையில் இருந்தது. பில் பையோடு வரும் வியாபாரிகள் ஹாலில் யாரையும் பார்க்காமல் நேரே அந்தக் கதவுக்குத்தான் போவார்கள். “அக்கா இருக்காங்களா?”

அக்கா கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். வீட்டுக்காரர் நிலக்கடலை போடுகிறார். பெண்ணைப் பெங்களூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. பத்து வருஷத்துக்கு மேலாக அந்த நாற்காலி அவருடையது. ஒரு மழை நாளில் பஸ் படியில் வழுக்கி, வலது மணிக்கட்டைக் கீழே ஊன்றிவிட்டார். எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. கட்டைவிரலும் அடுத்த இரண்டும் மடங்க மாட்டேன் என்றுவிட்டன. லீவு முடிந்து திரும்பி வந்தபோது, அவர் இல்லாத நாட்களில் அங்கே உட்கார்ந்து பழகிவிட்ட ஒரு சின்னப் பெண் எழுந்து நின்று இடம் கொடுத்தாள்.

ஆடிட்டர் கெட்டவர் இல்லை. அதுதான் சிக்கல். கெட்டவராக இருந்திருந்தால் கோபப்பட்டாவது ஆறியிருக்கலாம். “இந்த மாசம் பாருங்கம்மா. ரிட்டர்ன் டைம் ஆரம்பிச்சா எனக்கு ஸ்பீடு வேணும். முடியலைன்னா பரவால்ல, வெளிய ஹால்ல ஒரு சீட்டு போட்டுத் தரேன்” என்றாராம். வேலை போகாது, சீட்டுதான் போகும்.

“ஹால்ல உட்கார்றதுல இன்னாக்கா?” என்று கேட்டேன்.

“உனக்கு ஒண்ணுமில்லதான். எங்க ஊர்ல என்னை இன்னான்னு சொல்றாங்க தெரியுமா? ஆடிட்டர் ஆபீஸ் சாவி வெச்சிருக்கிறவங்கன்னு. சாவி இல்லாத நான் யாரு தம்பி?”

மருமகன் பெங்களூரிலிருந்து ஒரு மவுஸ் வாங்கி அனுப்பியிருந்தார். இடது கைக்கென்றே வளைத்துச் செய்தது. ஓரத்தில் சின்னச் சின்னதாகப் பட்டன்கள். எந்தப் பட்டன் எந்த வேலை செய்ய வேண்டும் என்று நாமே சொல்லித் தரலாம்: ஒன்று காப்பி, ஒன்று பேஸ்ட், ஒன்று என்டர். கூடவே இடது கைக்கு ஒரு குட்டி கீபோர்டு. இரண்டையும் வீட்டில் பெண்ணின் பழைய லேப்டாப்பில் மாட்டிப் பழகிக்கொண்டுதான் வந்திருந்தார். அங்கே எல்லாம் ஓடியது. இங்கே சர்வரில் மாட்டியதும் மவுஸ் வெறும் மவுஸாகிவிட்டது. நகர்ந்தது, தட்டியது, அவ்வளவுதான். குட்டி கீபோர்டு அதுகூட இல்லை. பட்டன்களுக்கு வேலை சொல்லித்தரும் சாஃப்ட்வேரைப் போடப்போனால் ஒரு சின்னப் பெட்டி வந்து கதவைச் சாத்தியது.

“இன்னா தம்பி சொல்லுது?”

“இந்த ஓஎஸ்ல போட முடியாதுங்குதுக்கா.”

“ஏனாம்?”

“இது சர்வராம்.”

“சர்வர்தான். அது எனக்குத் தெரியாதா? இத்தினி வருஷமா நான்தானே அதைப் பார்த்துக்கிறேன். என்னை வந்து கேக்கச் சொல்லு.”

ஹாலிலிருந்து ஒரு குரல் வந்தது. மூலை சீட்டில் சம்பளப் பட்டியல் போடும் பையன், எதையும் சும்மா விடாதவன். “இன்னாணா, சர்வருக்கு எலி ஒத்துக்கலையா? மசால் வடை வெச்சுப் பாருங்களேன்!”

“உன் வாயில வெக்கறேன் வடைய” என்றார் அக்கா, திரும்பாமலே.

சர்வர் ஓஎஸ், அதாவது அந்த மெஷினை ஓட்டும் அடிப்படைச் சாஃப்ட்வேர், ஒரு விசித்திரமான பிறவி. பலருக்குப் பொதுவாக உழைக்கச் செய்தது. தனக்கென்று ஒரு முகம் வைத்துக்கொள்ளாதது. அதன் எதிரில் ஒரு மனுஷி டிபன் பாக்ஸை மேசைக்கடியில் வைத்துவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாள் என்று அதைச் செய்தவர்கள் நினைக்கவில்லை. மவுஸ் செய்தவர்களும் நினைக்கவில்லை. இரண்டு பேரும் நினைக்காத ஒரு இடத்தில் அக்கா இருந்தார். கூடவே நானும் போய் மாட்டிக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். இது சர்வர் இல்லை, வீட்டு மெஷின்தான் என்று அந்தச் சாஃப்ட்வேரை நம்பவைக்கப் பார்த்தேன். நம்பவில்லை. அதன் மூட்டையைப் பிரித்து, மவுஸை மெஷினுக்கு அறிமுகம் செய்துவைக்கும் டிரைவரை மட்டும் உள்ளேயிருந்து உருவி, கையால் போட்டேன். மவுஸின் முழுப் பெயர் பட்டியலில் வந்தது. ஒரு நிமிஷம் இரண்டு பேரும் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தோம், பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல. ஆனால் பட்டன்களை மாற்றும் திரை மட்டும் இமை மாதிரி திறந்து மூடிக்கொண்டது. திரும்பத் திரும்ப. சில மவுஸ்களுக்கு உள்ளேயே நினைவு இருக்கும். வீட்டில் சொல்லிக்கொடுத்ததை ஆபீஸிலும் மறக்காது. இந்த மவுஸுக்கு அது இல்லை. கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். சர்வருக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று மிகுந்த மரியாதையோடு பதில் போட்டார்கள்.

வேங்கிக்காலுக்கும் செங்கம் ரோட்டுக்கும் நடுவே முழு ஊரும் கிடக்கிறது. அதைக் குறுக்கே கடந்து கடந்து அந்த நாட்களில் எனக்கு உடம்பு வலித்ததா மனசு வலித்ததா தெரியவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு வாசலிலேயே கொஞ்ச நேரம் நிற்பேன். எதிரே மலை அதன் பாட்டுக்கு இருக்கும். அதற்கு எந்த ஓஎஸ்ஸும் வேண்டாம். “ஒரு எலிக்கா இத்தினி நாளு போறீங்க?” என்பாள் மனைவி, சாம்பார் ஊற்றிக்கொண்டே. பேனாவைத் திறந்தால் அன்றைக்குப் பார்த்த திரைகள்தான் தாளில் வந்தன. முடியாது, முடியாது, முடியாது. ஒரு சொல்லையே இத்தனை நிறத்தில் எழுத முடியும் என்று அப்போதுதான் கண்டுகொண்டேன்.

கடைசியில் கம்பெனி சாஃப்ட்வேரை மறந்துவிட்டு நானே சின்னதாக ஒரு புரோகிராம் எழுதலாம் என்று முடிவு செய்தேன். மவுஸின் ஓரத்துப் பட்டன்களில் இரண்டை மட்டும் சர்வரும் பார்த்தது. ஒன்றைக் காப்பியாகவும் ஒன்றைப் பேஸ்ட்டாகவும் மாற்றலாம். இடது கைக்கு என்டர் எட்டவில்லை. ஆபீஸ் கீபோர்டின் இடது ஓரத்தில் சும்மா கிடக்கும் கேப்ஸ் லாக்கை என்டராக்கிவிடலாம். ஆனால் அதை அக்காவுக்கு மட்டும் பொருந்தும்படி வைக்க வேண்டும். அதற்கு அவருக்குத் தனி லாகின் வேண்டும்.

அங்கேதான் இடித்தது. அந்த ஆபீஸில் எல்லோரும் ஒரே பெயரில், ஒரே பாஸ்வேர்டில்தான் சர்வருக்குள் போவார்கள்.

“தனியா ஒரு பேரு போடலாம் சார், அக்காவுக்கு மட்டும்” என்றேன் ஆடிட்டரிடம்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “வேணாம்பா. இப்ப இருக்கிற பேரு எண் பார்த்து வெச்சது. அந்தப் பேரு போட்டப்புறம்தான் நமக்கு கிளையண்ட் ஜாஸ்தி. உள்ள இன்னொரு பேரு நுழைய வேணாம்.”

“அது வெறும் லாகின்தான் சார்.”

“உனக்கு லாகின். எனக்கு அது ஆபீஸு.”

சரி என்று வந்துவிட்டேன். ராசியோடு வாதாடி ஜெயித்த எஞ்சினியரை நான் இன்னும் பார்க்கவில்லை.

மத்தியானம் சாப்பாட்டு வேளையில் புரோகிராமைப் போட்டேன். அந்த நேரத்தில் ஹாலில் எல்லோரும் சர்வரைவிட்டு வெளியே வந்துவிட வேண்டும் என்பது ஆடிட்டர் வைத்த விதி. மெஷினும் கொஞ்சம் சாப்பிடட்டும் என்பார். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து இடது கையை மவுஸின்மேல் வைத்தார். ஒரு கட்டு பில்லை எடுத்து முன்னால் பிரித்தார். அதே கடைகளின் பழைய பதிவை எடுத்துத் தொகையை மட்டும் மாற்றிக்கொண்டே போனார். காப்பி. பேஸ்ட். கேப்ஸ் லாக், அதாவது என்டர். அடுத்தது. அடுத்தது. மடங்காத வலது கை மடியில் பூனைக்குட்டி மாதிரி படுத்திருக்க, இடது கை மட்டும் மேசைமேல் ஓடியது. முதலில் தடுக்கித் தடுக்கி, பிறகு தடுக்காமல். தயிர்சாதம் திறந்தபடியே இருந்தது.

“சாப்பிடுங்கக்கா.”

“இருப்பா. இந்தக் கட்டை முடிச்சிடறேன்.” சிரித்தார். அந்த நாட்களில் அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

தினமும் போடவேண்டியிருக்காமல், லாகின் ஆனதும் தானாகவே கிளம்பும்படி அந்தப் புரோகிராமை வைத்துவிட்டு, கைகழுவப் போனேன்.

சாப்பிட்டு முடித்து எல்லோரும் ஹாலுக்குத் திரும்பினார்கள். எல்லோரும் அதே ராசியான பெயரில் உள்ளே நுழைந்தார்கள். அந்தப் பெயர் நுழையும் இடமெல்லாம் என் புரோகிராமும் கூடவே நுழைந்தது. அந்தப் பெயர் எல்லோருக்கும் பொது என்பதை அக்காவின் சிரிப்பில் மறந்துபோன நான் டீ கிளாஸைக் கையில் எடுத்திருந்தேன்.

“ஐயோ, சேவ் ஆயிடுச்சு!”

“எனக்கும்!”

“நான் எதுவுமே பண்ணலைங்க, கேப்ஸ்தான் தட்டுனேன்!”

ஜிஎஸ்டி நம்பரைப் பெரிய எழுத்தில் அடிக்க வேண்டும். அதற்கு முன்னால் எல்லோர் விரலும் யோசிக்காமல் கேப்ஸ் லாக்கைத் தட்டும். தட்டிய இடமெல்லாம் என்டராகி, பாதி எழுதிய பில்கள் ஒவ்வொன்றாகக் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தன. பெரிய எழுத்து வரவில்லையே என்று திரும்பத் தட்டினார்கள், திரும்ப ஏறின. மூலை சீட்டுப் பையன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். “நான் கீபோர்டைத் தொடவே இல்ல சாமி. எலிதான் உள்ள பூந்துடுச்சு!” யாரும் சிரிக்கவில்லை.

ஓடிப்போய் நிறுத்தினேன். ஏறியதையெல்லாம் தேடி எடுத்து நீக்கச் சாயங்காலம்வரை ஆனது. ஆடிட்டர் உள்ளறைக் கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கத்தவில்லை. எல்லாம் முடிந்த பிறகு என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“வெளிய ஹால்ல இருக்கிறது சாதா மெஷின்தானே? அதுல அந்தக் கம்பெனி சாஃப்ட்வேரு ஓடுமா?”

ஓடும். அது எனக்கு முதல் நாளே தெரியும். சாதாரண மெஷினில் மாட்டி, அங்கிருந்து எல்லோரையும் போல சர்வருக்குள் போனால், பட்டன்கள் எல்லாம் சொன்னபடி கேட்கும். வேறு யாருக்கும் எந்தத் தொந்தரவும் வராது. இத்தனை நாளாக நான் அந்த வழியைச் சொல்லாமல் சுற்றிச் சுற்றி நடந்ததற்குக் காரணம் அந்த நாற்காலி ஒன்றுதான். அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

“ஓடும் சார்” என்றேன்.

அக்கா குனிந்து, இடது கையாலேயே சர்வரின் பின்னாலிருந்து மவுஸ் ஒயரை உருவி, சுருட்டி, எழுந்து ஹாலுக்குப் போனார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பௌர்ணமி கிரிவலத்துக்காகத் தடுப்புக் கட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கவேண்டியிருந்தது. எதிரே இப்போதே வரத் தொடங்கிவிட்ட வெளியூர்க்காரர்கள், வெறும் காலோடு, கையில் தண்ணீர்ப் பாட்டிலோடு. அந்த நெரிசலில் ஒதுங்கி நின்றபோதுதான் தோன்றியது. ஒரே ஒரு வரி போதும். நீ சர்வரின் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாயா, ஹாலிலிருந்து எட்டிப் பார்க்கிறாயா என்று அந்தப் புரோகிராமே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். எதிரில் என்றால் ஓடு, இல்லையென்றால் சும்மா இரு. பெயர் ஒன்றாகவே இருக்கட்டும். ராசி கெடாது. இவ்வளவு சின்ன விஷயம். சந்தோஷம் வரவில்லை எனக்கு. இவ்வளவு நாள் இது எங்கே போயிருந்தது என்ற அசதிதான் வந்தது.

மறுநாள் பௌர்ணமி, ஆபீஸ் அரை நாள்தான். காலையிலேயே போய்விட்டேன். ஹாலில் ஜன்னலோரம் அக்கா உட்கார்ந்திருந்தார். மவுஸின் எல்லாப் பட்டன்களும் வேலை செய்தன, நேற்றே போட்டுக் கொடுத்திருந்தேன். குட்டி கீபோர்டும் ஓடியது. பக்கத்தில் முடித்த கட்டுகள் உயர்ந்திருந்தன. உள்ளறையில் அந்தச் சின்னப் பெண் நாற்காலியின் நுனியில், விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

ஆடிட்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். “யாருக்கும் ஒண்ணும் ஆவாதுல்ல?” என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, சரி போட்டுப் பார் என்றார். போட்டேன். ஹாலில் எல்லோரையும் கேப்ஸ் லாக்கைத் தட்டச் சொன்னேன். பயந்து பயந்து தட்டினார்கள். பெரிய எழுத்துதான் வந்தது. மூலை சீட்டுப் பையன் மட்டும் ஸ்கேல் நுனியால் தட்டினான்.

“அக்கா, வாங்க. நீங்க ஒரு தடவை பாருங்க.”

மவுஸைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தார். சின்னப் பெண் துள்ளி எழுந்தாள். “உக்காருங்கக்கா.”

அக்கா உட்காரவில்லை. நின்றபடியே மாட்டினார். நின்றபடியே ஒரு பில்லைப் போட்டார். காப்பி, பேஸ்ட், கேப்ஸ் லாக். ஏறியது. இன்னொன்று. ஏறியது. விசிறிகள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.

“நல்லாருக்குப்பா” என்றார். பிறகு அந்தப் பெண்ணின் தோளை லேசாகத் தட்டி, “உக்காரும்மா” என்றார்.

“அக்கா, சார் ஒத்துக்கிட்டாரு. இனிமே நீங்க இங்கயே—”

“தெரியும். காதுல விழுந்துது.” ஒயரை மறுபடி சுருட்டினார். “நாளைக்கு ஒரு நாளு வேற ஏதாவது தப்பா சேவ் ஆவும். இவன் கை வழுக்கியோ அவ கண்ணு தவறியோ ஆவும். உடனே எல்லாரும் இந்த ரூமைத்தான் திரும்பிப் பார்ப்பாங்க, அக்காவுக்காக ஏதோ வெச்சாங்களே, அதுவா இருக்கும்னு. நேத்து பார்த்தாங்களே, அந்தப் பார்வை. அதை வெச்சிக்கிட்டு என்னால இங்க உக்கார முடியாது தம்பி.”

எனக்குப் பதில் இருந்தது. ஆகாது, நான் சோதித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். மெஷினைப் பற்றிய பதில் அது. அவர் மெஷினைப் பற்றிப் பேசவில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஆபீஸ் மூடினார்கள். ஷட்டரை இறக்கியதும் அக்கா பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். அதில் வீட்டுப் பீரோ சாவியும் கோத்திருந்தது. ஒரு கையால் அந்த வளையத்தைப் பிரிக்க முடியவில்லை. நான் வாங்கிப் பிரித்துக் கொடுத்தேன். சாவியைப் பிரிக்கிற அந்த வேலையையும் நானே செய்திருக்க வேண்டாம். ஆபீஸ் சாவியைச் சின்னப் பெண்ணிடம் கொடுத்து, “மேல் பூட்டு கொஞ்சம் மக்கர் பண்ணும். தூக்கிப் புடிச்சுத் திருப்பு” என்றார். அவள் தூக்கிப் பிடித்துத் திருப்பினாள். பூட்டிக்கொண்டது.

பௌர்ணமி என்பதால் பஸ்களை ஊருக்குள் விடவில்லை. தற்காலிக பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். கீழ்பென்னாத்தூர் பஸ் புழுதிக்குள் நின்றுகொண்டிருந்தது. இடது கையால் கம்பியைப் பிடித்து, படியை நன்றாகப் பார்த்து, நிதானமாக ஏறினார். ஜன்னல் சீட்டு கிடைத்தது. நான் கீழே நின்றேன். ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

“அந்தப் புரோகிராமு இனிமே தேவையில்லைல்லக்கா. திங்கக்கிழமை வந்து எடுத்துடறேன்.”

கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். பஸ் ஒரு குலுக்கலோடு நகர்ந்தது. அக்கா ஜன்னல் கம்பிக்கு வெளியே முகத்தைக் கொண்டுவந்தார்.

“எடுக்காதப்பா. அங்கயே இருக்கட்டும். அவளுக்கும் ஒரு நாளைக்கி கை நோவும்.”